டிரைவர் இறங்காத பஸ்

பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டில் நீயும் என் பிள்ளைகள் இரண்டும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஹாஸ்டல் அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, சாத்த முடியாத ஒரு ஜன்னல். வார்டில் பன்னிரண்டு டயாலிசிஸ் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் ஒரு மாமியார், சும்மா இருக்கும்போதே கத்துகிறது. ஆறு மாதம் இந்த மாமியார்களோடு குடித்தனம் நடத்திச் சான்றிதழ் வாங்கி வந்தால் நம்மூர் ஆஸ்பத்திரியில் எனக்கு நிரந்தர வேலை. நடுவில் ஓடி வந்தால் ஒன்றும் கிடையாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

கீழ்வீட்டு போன் அவசரத்துக்கு மட்டும். என் குரல் கேட்டால் சின்னவள் பூசணி போனுக்குள் விரலை விட்டு அம்மாவைத் தேடுவாள், அப்புறம் இரண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாள். நான்கு வயசுக்கு அவ்வளவுதான் புரியும். பெரியவள் வக்கீலுக்கு எட்டு வயசு என்றாலும் எண்பது வயசு வாய். அவளோடு வாதாடாதே, தோற்பாய். எழுதத் தெரிந்தவள், வாரம் ஒரு கடிதமாவது போடச் சொல்.

இன்னொன்று. பீரோவின் கீழ்த்தட்டில் அவருடைய டிரைவர் சட்டை இருக்கிறது. நீலச் சட்டை, மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை, அவசரத்தில் நான் தைத்தது. போன ஜூலையில் அவர் டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாரே, அதற்கு முந்தின நாள் போட்டிருந்த சட்டை. அதைத் துவைக்காதே. அவர் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. பூசணி எப்போதாவது கேட்பாள், ஒரு தடவை முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிட்டு மடித்து வைத்துவிடு. துணியைப் பற்றி ஒரு தையல்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ இருக்கும் தைரியத்தில்தான் நான் வந்தேன். நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

என் அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய், அந்த ஜன்னலைச் சாத்த வழி பண்ணினாயா? காதில் காற்று அடித்தால் உனக்கு உடனே தலைவலி வரும்.

பிள்ளைகள் என் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறார்கள். வக்கீல் நேற்று, "சித்தி, நீங்க என்னை எட்டு மணிக்கு எழுப்புறேன்னு சொன்னீங்க, ஏழு ஐம்பத்தஞ்சுக்கு எழுப்பிட்டீங்க, அஞ்சு நிமிஷம் எனக்குப் பாக்கி" என்று படுக்கையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். பூசணி என் தையல் மெஷின் மிதிகட்டை மேல்தான் உட்காருவேன் என்கிறாள். அவளை நகர்த்துவதும் மெஷினை நகர்த்துவதும் ஒன்றுதான்.

காலையில் தலை வாரும்போதுதான் ரகளை. நீ தலை வாரும்போது ஒரு பஸ் கதை சொல்வாயாமே. சொல்லச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். "தப்பு" என்கிறது ஒன்று, "திரும்பி முதல்லேருந்து" என்கிறது இன்னொன்று. அதனால், அக்கா, அந்தக் கதையை ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பு. பூசணிக்காகத்தான் கேட்கிறேன்.

எங்கள் நாடகக் குழுவில் வழக்கமான பாட்டுதான். கோடைக் கலைவிழாவுக்குப் பிள்ளைகளுக்கான நாடகம் ஒன்று போட வேண்டும், இன்னும் கதை அமையவில்லை. நாடகத்தை இயக்கும் மாஸ்டர் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். நான் மூலையில் பித்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன், என் மேல் விழ ஒன்றுமில்லை.

வேளைக்குச் சாப்பிடு, அக்கா.

உன் தங்கை


மார்ச் 10

அன்புத் தங்கைக்கு,

ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டேன், தலைவலி இல்லை. உன் முதுகுவலி எப்படி? மெஷின் முன்னால் குனிந்தே கிடக்காதே.

கதை கேட்டாயே, மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எழுதிப் பழக்கமில்லை. சொல்லித்தான் பழக்கம். சரி, கேள்.

ஒரு டிரைவர் இருக்கிறார். பஸ் நிறைய ஆட்கள். முதலில் தும்மல் நிறுத்தம். எல்லோரும் ஒரு தடவை தும்மினால்தான் கதவு திறக்கும். (இங்கே பூசணி தும்முவாள். காத்திரு.) அடுத்தது ஒற்றை சாக்ஸ் நிறுத்தம். ஜோடியைத் தொலைத்த சாக்ஸ் எல்லாம் அங்கே குடியிருக்கின்றன, ஒன்றை ஒன்று பார்த்து "நீயா, நீயா" என்று கேட்டுக்கொண்டே. அடுத்தது கோபக்காரர்கள் நிறுத்தம். அங்கே இறங்குகிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், சிரிப்பு வந்துவிட்டால் திரும்ப ஏறிக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொருவராக இறங்கி, கடைசி நிறுத்தத்தில் டிரைவர் மட்டும் மிச்சம். அங்கே இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். "இறங்குங்க, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். டிரைவர் சொல்கிறார்: "எல்லாரையும் எறக்கி விடுறதுதான் என் வேலை, கண்ணுங்களா. எனக்குன்னு எறங்குற இடம் இந்த பஸ்ல இல்ல. போற வழியில ஹாரன் அடிக்கிறேன். கேட்டுச்சுன்னா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்." ஹாரன் அடிக்கிறார். பஸ் போய்விடுகிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் போன பிறகு பூசணி தினமும் ஐந்து நாற்பதுக்கு வாசல் எதிரில் இருக்கும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். அது அவர் ஓட்டிய பஸ் வரும் நேரம், நம் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பாரே, அந்த நேரம். இழுத்து வந்தால் சோறு இறங்காது. இரண்டு மாதம். அப்போது தலை வாரிக்கொண்டே நான் கட்டிய கதை இது, தினமும் கொஞ்சமாக. ஒரு நாள் மாலை, "பஸ் போயிடுச்சும்மா, சோறு போடு" என்று அவளே சொன்னாள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதனால் கடைசியை மட்டும் மாற்றாதே. கெஞ்சுவாள், உன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். என்ன ஆனாலும் டிரைவர் இறங்கக் கூடாது. இறங்கினால் அவள் மறுபடியும் போய் உட்கார்ந்துவிடுவாள்.

உன் குரலில் இந்தக் கதை கேட்கட்டும். எனக்கு அது போதும்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

என் அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம், பூசணிக்கு ஒரு பல் ஆடுகிறது என்று வக்கீல் சத்தியம் செய்கிறாள், நான் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.

கதையை ஒரே மூச்சில் படித்தேன். படித்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். உனக்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, அக்கா. எழுத வராது எழுத வராது என்று சொல்லிக்கொண்டே எழுதிவிட்டாய்.

ஒரு சின்னச் சந்தேகம். அத்தான் ஹாரன் அடிப்பது எப்படி? இரண்டு குட்டியா, ஒரு நீளம் ஒரு குட்டியா? வக்கீல் ஒன்று சொல்கிறாள், பூசணி ஒன்று சொல்கிறாள். சரியாகச் சொன்னால்தான் விடுகிறார்கள்.

பீரோவைத் திறந்து துணிகளைக் காற்றாட வைத்தேன். குழுவில் ஒத்திகை தொடங்கிவிட்டது, எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல். சுருக்கமாக எழுதுகிறேன், கோபிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 15

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ தலைக்கு மேல் வேலை என்று எழுதியதும் எனக்குத் தலை கனத்தது. பிள்ளைகளும் வேலையும் சேர்ந்து உன்னைப் படுத்துகிறதா? முடியாவிட்டால் சொல்.

ஒரு நீளம், ஒரு குட்டி. நீளமாக அடிப்பது வக்கீலுக்கு, குட்டியாக அடிப்பது பூசணிக்கு. வக்கீல் சொன்னதுதான் சரியாக இருக்கும், பந்தயம் வைக்கிறேன்.

உன் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்தேன். நீ அழுதாய் என்று நீ எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது. அன்று முழுக்க என் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு நோயாளி, "என்ன சிஸ்டர், சம்பளம் ஏறிடுச்சா?" என்று கேட்டார்.

கலைவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போ. போன வருஷம் அவர் கூட்டிப் போவதாக இருந்தார், டியூட்டி மாறி நடக்கவில்லை. அந்தக் கடனை நீ தீர்த்துவிடு. என்ன பார்த்தார்கள், எதற்குச் சிரித்தார்கள், எல்லாம் எனக்கு எழுத வேண்டும். ஒன்று விடக் கூடாது.

அன்புடன்,
அக்கா


மே 12

என் அக்காவுக்கு,

நாங்கள் நலம். வெயிலில் மூன்று பேரும் கறுத்துப் போயிருக்கிறோம், அடையாளம் கண்டுபிடிக்க உனக்குச் சாட்சி தேவைப்படும். உனக்குத் தலைவலி மறுபடி வரவில்லையே?

நீ கேட்டபடி கலைவிழாவை முழுசாக எழுதுகிறேன். நகர மன்றக் கட்டடமும் பின்னால் இருக்கும் தோட்டமும் பிள்ளைகளால் நிரம்பி எள் விழ இடமில்லை. நுழைந்ததுமே மதில் நீளத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டி, சாயக் கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் தூரிகையால் பூ வரைந்தார்கள். நம் பூசணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்துக்குள் இறங்கினாள். தாளில் பதினாறு பச்சைக் கால். பதினேழாவது, பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதரின் வெள்ளைக் கால்சட்டையில். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவர், "பரவாயில்லம்மா, இதுவும் கலைதானே" என்றார், முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

வக்கீல் களிமண் வகுப்பில் யானை செய்தாள். யானைக்குக் காலில் எத்தனை நகம் என்று சொல்லிக்கொடுத்தவரோடு வழக்கு. அவர் பாவம், கடைசியில், "நீ எத்தனை வச்சாலும் சரிம்மா" என்று கும்பிட்டார். முகத்தில் சாயம் பூசும் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் புலி கேட்டார்கள், இவள் நீதிபதி கேட்டாள். நீதிபதி முகம் எப்படி இருக்கும் என்று பூசுகிற பெண்ணுக்குத் தெரியவில்லை. மீசை வைத்து அனுப்பிவிட்டாள்.

நடுவில் பூசணி காணாமல் போனாள். எனக்கு உயிரே இல்லை. மைக்கில் சொல்லச் சொன்னேன். அந்த ஆள், "பூசணியைக் கண்டவர்கள் மேடைக்குக் கொண்டு வரவும்" என்று சொல்லிவிட்டார். யாரோ சமையல்கட்டிலிருந்து நிஜப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நம்முடையது பொம்மலாட்டத் திரைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. கழிப்பறை வரிசை அரை மணி நேரம். பூசணியின் செருப்பில் ஒன்று போயே போய்விட்டது.

மாலையில் ஒரு நாடகமும் பார்த்தோம். பிள்ளைகளுக்குப் பிடித்தது. பிறகு ஐஸ் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

பூசணி வரைந்த படம் ஒன்று இத்துடன். நேரத்துக்குத் தூங்கு.

உன் தங்கை


மே 28

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். பச்சைக் கால்சட்டைக்காரரை நினைத்து வார்டில் தனியாகச் சிரித்தேன். கூட இருந்த நர்ஸுக்குப் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள்.

ஆனால் ஒன்று. கழிப்பறை வரிசையைக்கூட அளந்து எழுதியிருக்கிறாய், நாடகத்துக்கு மட்டும் ஒரு வரி. உன் குழு போட்ட நாடகம்தானே அது? என்ன கதை? உடுப்பெல்லாம் நீ தைத்ததுதானே, அதைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லையே. வக்கீலிடமிருந்தும் மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. அவளுக்கு வாய்க்குப் பூட்டா?

பூசணியின் படத்தைக் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். பஸ் அழகு. ஆனால் பஸ்ஸுக்கு வெளியே ஒரு நீலச் சட்டை ஆள் நின்று ஒரு குட்டிப் பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார். அது யார்? நம் கதையில் டிரைவர் இறங்கவே மாட்டாரே.

உடனே பதில் போடு. மனசு ஏதோ செய்கிறது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். பூசணியும் நலம் என்றுதான் எழுத வேண்டும். அது முழு உண்மை இல்லை, அதனால் நான் எழுதவில்லை. நீ நலமா?

இந்தக் கடிதத்தை சித்தி படிக்கவில்லை. கீழ்வீட்டு ஆன்ட்டி தபால்தலை கொடுத்தார். அம்மா படிப்பு கெட்டுவிடும், அம்மாவுக்கு எழுதாதே என்று சித்தி சொன்னாள். ஒரு மாதம் சொன்னபடி கேட்டேன். போதும் என்று நினைக்கிறேன்.

நாடகத்தில் முதலில் தும்மல் நிறுத்தம் வந்தது. பூசணி தும்மினாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சாக்ஸ் வந்தது. நடிக்கிறவர்கள் சொல்வதற்கு முன்னாடியே நான் அடுத்த வரியைச் சொன்னேன். பின்னால் இருந்த ஒரு மாமா, "நேத்தே பார்த்துட்டியா பாப்பா?" என்று கேட்டார். "இல்ல, இது எங்க அம்மா கதை" என்றேன். அவர் நிகழ்ச்சித் தாளைக் காட்டினார். கதை என்று போட்ட இடத்தில் சித்தி பெயர் இருந்தது. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அது சாட்சி.

டிரைவராக வந்தவர் அப்பா சட்டை போட்டிருந்தார். அது மாதிரி சட்டை இல்லை, அதே சட்டை. மூணாவது பொத்தான் வெள்ளை. நான் எழுந்து நின்று, "சித்தி, அது அப்பா சட்டை" என்றேன். சித்தி "உஷ்" என்றாள்.

கடைசி நிறுத்தத்தில் ஹாரன் அடித்தது. ஒரு நீளம் ஒரு குட்டி. அப்புறம் டிரைவர் இறங்கினார், அம்மா. "இனிமே எங்கயும் போக மாட்டேன்" என்றார். மேடையிலிருந்தும் இறங்கி வந்து பூசணியைத் தூக்கினார். நாங்கள் முன்வரிசையில் இருந்தோம், சித்தி இடம் பிடித்து வைத்திருந்தாள். பூசணி சட்டையில் மூக்கை வைத்தாள். அப்புறம் விடவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து அவள் விரலைப் பிரித்தார்கள். அவளும் நடிக்கிறாள் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். சித்தியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சித்தி சிரித்தாள், அழவும் செய்தாள். நான் கை தட்டவில்லை.

இப்போது பூசணி தினமும் ஐந்து நாற்பதுக்கு நிறுத்தத்தில் உட்காருகிறாள். பையில் ஒரு வாழைப்பழம் வைத்துக்கொள்கிறாள், அப்பாவுக்கு. பஸ் நின்றதும், "நீங்க எறங்குவீங்களா?" என்று டிரைவரைக் கேட்கிறாள். அவர், "இல்ல பாப்பா" என்கிறார். நானும் கூடப் போகிறேன். சோறு சரியாகச் சாப்பிடுவதில்லை.

சித்தியைத் திட்டாதே. எனக்கு இரண்டு பாவாடை தைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் திட்டு.

இப்படிக்கு,
வக்கீல்


ஜூன் 17

தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

கீழ்வீட்டு போனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் நீ கடைக்குப் போயிருக்கிறாயாம். என்ன கடையடி அது, நான் கூப்பிடும்போது மட்டும் திறப்பது?

நிகழ்ச்சித் தாள் என் கையில் இருக்கிறது. நீ வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ கேட்கவே இல்லை. பூசணிக்காகத்தான் என்று எழுதினாய். என் பிள்ளையைக் காட்டி என்னிடமிருந்து வாங்கினாய். ஹாரன் எப்படி என்று கேட்டாயே, அது யார் கேட்ட கேள்வி, உன் மாஸ்டரா? நான் பைத்தியக்காரி, நீளம் யாருக்கு, குட்டி யாருக்கு என்று விளக்கம் வேறு எழுதினேன்.

என் பெயர் வராதது எனக்குப் பெரிசில்லை. டிரைவர் இறங்கக் கூடாது என்று எழுதினேன். ஏன் கூடாது என்றும் எழுதினேன். அதைப் படித்த பிறகு நீ இறக்கியிருக்கிறாய், அதுவும் அவர் சட்டையைப் போட்டு. வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடுவேன். உனக்கு எல்லாம் தெரியும்.

இன்னும் இரண்டு மாதம் என்னால் அசைய முடியாது. அதுவும் உனக்குத் தெரியும்.

அக்கா


ஜூலை 6

என் அக்காவுக்கு,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

பதினோரு வருஷமாக அந்தக் குழுவில் திரைக்குப் பின்னால் ஊசியோடு நிற்கிறேன். ராஜா உடுப்பு நான் தைத்தது, ராணி உடுப்பு நான் தைத்தது, கை தட்டும்போது விளக்கு என் பக்கம் வந்ததே இல்லை. அன்றைக்கு மாஸ்டர், "ஒருத்தர் தலையிலயும் ஒரு கதை இல்லையா?" என்று கத்தினார். உன் கடிதம் அப்போது என் பையில் இருந்தது. எடுத்துப் படித்தேன். எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "யார் எழுதினது?" என்றார். "நான்தான்" என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை பேர் என் முகத்தைப் பார்த்தார்கள், அக்கா. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது, டிரைவர் இறங்கட்டும் என்று மாஸ்டர் சொன்னார். அரை நாள் வாதாடினேன். அதற்கு மேல் வாதாடினால் ஏன் என்று கேட்பார், காரணத்தைச் சொன்னால் கதை யாருடையது என்று தெரிந்துவிடும். சட்டை ஒரு நாளைக்குத்தான் என்று எடுத்தேன், நான் தைத்த நீலம் மேடை வெளிச்சத்தில் பொம்மைச் சட்டை மாதிரி இருந்தது. முன்வரிசையில் இருக்கும் ஒரு குழந்தையைத் தூக்குவார் என்று எனக்குத் தெரியும். யாரைத் தூக்குவார் என்று தெரியாது. பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்தது நான்தான். அவர்கள் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நான் எழுதியது என்று ஒருவராவது பெருமையாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

சட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். வேறு இரண்டு ஊர்களில் நாடகம் போடக் கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நீ வரும்வரை பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வரும் பஸ் நேரம் தெரிந்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பிள்ளைகளைக் கீழ்வீட்டில் விட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன் குழு இருக்கும் ஊர் எது என்று நாடகச் சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நாடகம் கேட்ட ஊர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றாயே.

பிள்ளைகளை நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறாய். நகம் வெட்டி, துணி கிழியாமல். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பீரோவைத் திறந்தேன். சட்டையில் சோப்பு வாசனை. ஒரு நாளைக்குத்தான் என்றாய், நிகழ்ச்சித் தாளில் மூன்று நாள் காட்சி. மூன்று நாள் ஒரு நடிகன் போட்டு வேர்த்த சட்டையை நீ துவைக்காமல் வைக்க முடியாதுதான். தோளை உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறாய், நூல் வெளியே தெரியாத உன் தையல். மூன்றாவது பொத்தானையும் நீலமாக மாற்றியிருக்கிறாய். வக்கீல் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதானே மாற்றினாய்? அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இரண்டாவது தடவை போன மாதிரி இருந்தது.

நேற்றுக் காலை பூசணிக்குத் தலை வாரிக்கொண்டே கதை சொன்னேன். தும்மினாள், சிரித்தாள். கடைசியில், டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ தப்பா சொல்ற. உனக்கு முழுக்கதை தெரியல. அப்பா எறங்குவார். சித்திகிட்ட கேளு" என்றாள். பாவம், எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அதனால் கேட்கிறேன். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். கதையையும் பெயரையும் நீயே வைத்துக்கொள், எத்தனை ஊரில் வேண்டுமானாலும் போடு. ஒரே ஒரு நாள் வா. வருகிற இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, ஐந்து நாற்பதுக்கு நம் வீட்டுக்கு எதிரில் இருக்கும் நிறுத்தத்துக்கு வா. பூசணியின் பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவர் இறங்கியது நீ சேர்த்தது, அது பொய், அப்பா இறங்க மாட்டார் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் இனி அவள் நம்ப மாட்டாள். நீ சொன்னால்தான் நம்புவாள்.

வந்துவிட்டால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உனக்கும் சேர்த்துச் சோறு வைத்திருப்பேன்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள சித்திக்கு,

அம்மா நலம். நான் நலம். பூசணிக்கு லேசாகச் சளி. நீ நலமா?

அம்மா எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ஐந்து மணிக்கே நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டோம். அம்மா பூசணிக்கு அந்தப் பக்கம் உனக்கு இடம் விட்டாள். ஒரு ஆள் வந்து உட்காரப் பார்த்தார், "ஆள் வர்றாங்க" என்று சொல்லி எழுப்பினாள்.

ஐந்து முப்பத்தைந்துக்கு நீ எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில் நின்றாய். மஞ்சள் பை வைத்திருந்தாய். நான் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். நான் கையை ஆட்டவில்லை, நீயே வருவாய் என்று. அப்புறம் பஸ் வந்து நடுவில் நின்றது. பூசணி போய்க் கேட்டாள், டிரைவர் "இல்ல பாப்பா" என்றார். பஸ் போனதும் பார்த்தேன். நீ இல்லை.

அம்மா ஆறரை வரை உட்கார்ந்திருந்தாள். "சித்திக்கு பஸ் கிடைச்சிருக்காது" என்றாள். நீ வந்ததை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. தெரிந்த உண்மையைச் சொல்லாமல் இருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. சொன்னால் அம்மா அழுவாள், சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வலிக்கிறது. இதை எனக்கு நீ கொடுத்திருக்க வேண்டாம்.

உன் தட்டை அம்மா கழுவாமலே எடுத்து உள்ளே வைத்தாள், யாரும் சாப்பிடவில்லையே.

நேற்று பூசணி பையில் இரண்டு வாழைப்பழம் வைத்தாள். ஒன்று அப்பாவுக்கு என்று எனக்குத் தெரியும். இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். "சித்திக்கு. சித்தியும் எறங்குவாங்கல்ல?" என்றாள்.

இப்படிக்கு,
வக்கீல்